உலையைப் பிரிக்க ஆள் தேடித் தூத்துக்குடிக்கு

நான் வேலை பார்க்கும் அணுமின் நிலையம் மின்சாரம் தயாரிப்பதில்லை. அது நின்று வருடங்களாகிவிட்டன. ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரை ஊரில் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். குழாய்களை அறுக்க வேண்டும், கான்கிரீட் சுவரின் மேல்தோலைச் சுரண்ட வேண்டும், சுரண்டியதைப் பீப்பாயில் அடைக்க வேண்டும், மிச்சத்தில் கதிர்வீச்சு இல்லை என்று அளந்து பார்த்த பிறகே வெளியே விட வேண்டும். நான் அளக்கிற பிரிவு. சாத்தான்குளத்தில் என் அண்ணன் பலசரக்குக் கடையில் தராசு பிடிக்கிறான். சின்னவனும் அங்கே தராசுதான் பிடிக்கிறான் என்று அம்மா ஊரில் சொல்லிக்கொள்வாள்.

எங்கள் அளவைக் கூடத்தின் தலைமைப் பொறுப்பு காலியாகப் போகிறது. அது எனக்குத்தான் என்று நான் மட்டுமல்ல, காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற எல்லோருமே நினைத்திருந்தோம். விடுமுறைக்குக் கிளம்பும் முன் மேலாளர் உல்ரிகா என்னை அறைக்கு அழைத்தார்.

"தூத்துக்குடி உன் ஊர்ப்பக்கம்தானே? அங்கே வல்லி என்று ஒருவர் இருக்கிறார். பழைய இரும்பில் கலந்து வரும் கதிர்வீச்சுப் பொருள்களைப் பற்றி ஓர் இணையக் கூட்டத்தில் பேசினார். சில நாள் கூட இருந்து அவர் வேலை செய்யும் விதத்தைப் பார். திருப்தி என்றால், இந்தப் பொறுப்புக்கு வரச் சம்மதமா என்று கேள்."

வல்லியை எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரி, ஒரே இயற்பியல் வகுப்பு. தென்திருப்பேரையில் வாத்தியார் வீட்டுப் பெண்; முழுப்பெயர் குழைக்காதுவல்லி. படித்த காலம் முழுக்க முதலிடம் அவளுக்கு, அடுத்தது எனக்கு. இத்தனை வருடம் கழித்து, கடல் தாண்டிப் போன பிறகும் அதே வரிசைதானா என்று வயிறு எரிந்தது. விமானத்தில் கொடுத்த ரொட்டியும் வெண்ணெயும் அந்த எரிச்சலை அணைக்கவில்லை.

தூத்துக்குடியில் இறங்கியதும் பொரித்த புரோட்டாவும் கோழிச் சால்னாவும் சாப்பிட்டேன். நொறுங்கும் புரோட்டாவின் மேல் சால்னாவை ஊற்றி ஊறவிடாமல் சாப்பிட வேண்டும். ஜெர்மனியில் நான் அதிகம் கனவு கண்டது இதைத்தான். அதையும் அன்று நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வல்லி மேடம் பாத்துட்டு விட்டாச்சுன்னா அப்பறம் ஒரு பயலும் நிப்பாட்ட மாட்டான்ல."

ஊரில் கால் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் அவள் பெயர்.

அவள் வேலை பார்ப்பது துறைமுகத்துக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டியுள்ள ஒரு தனியார் கண்டெய்னர் முற்றத்தில். வெளிநாட்டுப் பழைய இரும்பு அங்கே வந்து சோதனையாகி ஆலைகளுக்குப் போகிறது. அவள் அங்கே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர். வாசலில் என்னைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றினாள். முன்தலை நரைத்திருந்தது. சிரிப்பு நரைக்கவில்லை.

"என்னடா பொன்ராஜ், இப்படித் தொப்பை போட்டுட்ட! ஜெர்மனியில அளக்கற வேலைன்னா அவா உன்னை அளக்க மாட்டாளா?"

என்னை உட்காரவைத்து மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தாள். முந்திரியும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளைக்கருவும் அடித்துச் சுட்ட, நாக்கில் வைத்தால் கரைந்துபோகும் தின்பண்டம். "இதுல முட்டை உண்டுன்னு எங்காத்துல இன்னும் தெரியாது. நீ போய் வத்தி வச்சுடாதே," என்றாள். அதற்குள் ஒருவர் வந்து, "மேடம், மூணாம் நம்பர் கேட்டுல வண்டி நிக்கி," என்றார். "இந்தா வாரேன், அங்கனயே நிக்கச் சொல்லுங்க," என்று நொடியில் பேச்சை மாற்றிக்கொண்டு எழுந்தாள். வீட்டுப் பேச்சு ஒன்று, முற்றத்துப் பேச்சு ஒன்று. எனக்கு ஜெர்மன் மொழி இன்னும் ஒரே ஒரு பேச்சாகத்தான் வருகிறது, அதுவும் தடுக்கிக்கொண்டு.

"எதுக்குடா வந்த? சும்மா பாக்கவா?" என்று போகிற போக்கில் கேட்டாள்.

"சும்மாதான்," என்றேன்.

மறுநாள் காலை நானும் முற்றத்தில் இருந்தேன். உள்ளே வரும் லாரிகள் இரண்டு தூண்களுக்கு நடுவே மெல்ல ஊர்ந்து போகும். கதிர்வீச்சு இருந்தால் தூண் கத்தும். எங்கள் நிலையத்தில் இதே வேலைக்குக் கூரையும் குளிர்சாதனமும் போட்ட கூடம் உண்டு. இங்கே தூணின் தலையில் காக்கை உட்கார்ந்திருந்தது. ஒரு நீல நிறக் கண்டெய்னர் நுழைந்ததும் தூண் கத்தியது. காக்கை பறந்தது.

வல்லி கையைக் காட்டி லாரியை உப்பளத்து மதில் ஓரமாக ஒதுக்கச் சொன்னாள். சுற்றிலும் கயிறு கட்டச் சொன்னாள். அதற்குள் மற்ற ஓட்டுநர்கள் கூடிவிட்டார்கள்.

"வெளிநாட்டுல அணு உலைய இடிச்ச இரும்பாம்ல. அவனுவ ஊருல போட இடமில்லன்னு இங்கன கொண்டாந்து தள்ளுதானுவ."

கண்டெய்னர் வந்தது ஐரோப்பாவிலிருந்து. எங்கள் உலையைப் பிரித்த இரும்பையும் சுத்தம் என்று அளந்து பழைய இரும்புக்குத்தான் அனுப்புகிறோம். அதில் கடைசியாகக் கதிர்வீச்சு மீட்டர் பிடிப்பவர்களில் நானும் ஒருவன். இது எங்களுடையதாக இருந்தால்?

லாரியை ஓட்டி வந்தவர் வேலுச்சாமி, பாஞ்சாலங்குறிச்சிக்காரர். அவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். வரிசையில் காத்துக் கிடக்கும் புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த மனைவி, தூக்குச்சட்டியோடு அவர் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது.

"நேத்துலருந்து இந்த வண்டிலதான் கிடக்கேன் சார். நடுவுல வீட்டுக்கும் போயிட்டு வந்தேன். இவ வயித்துல பிள்ள இருக்கு. என்னமும் ஒட்டிட்டு வந்திருக்குமா?"

வல்லி கண்டெய்னர் பக்கம் இருந்தாள். நான் பேசினால் என்ன? நானும் படித்தவன்தானே. "பயப்படாதீங்க. உங்க மேல பட்டது ஒரு எக்ஸ்ரே எடுக்கிறதை விடக் கம்மி," என்றேன்.

"எக்ஸ்ரேயா?" என்று அந்தப் பெண் அலறினாள். "வயித்துப் பிள்ளைக்காரி எக்ஸ்ரே ரூம் பக்கமே போகக்கூடாதுன்னு ஆசுபத்திரில சொன்னாவளே! ஐயோ, நான் வண்டி மேல சாஞ்சுல்லா நின்னேன்!"

தூக்குச்சட்டி கீழே விழுந்து சோறு மண்ணில் கொட்டியது. கூட்டம் என்னைப் பார்த்த பார்வையில், கண்டெய்னரை நானே கொண்டுவந்து தள்ளினது போலிருந்தது.

அலறலைக் கேட்டு வல்லி வந்தாள். என்ன நடந்தது என்று என்னிடம் கேட்கவில்லை. கையிலிருந்த மீட்டரை வேலுச்சாமியிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி, எந்திரிங்க. இத நீங்களே பிடிங்க. நான் தொடமாட்டேன்."

அவர் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார். அது இடைவெளி விட்டு டிக்... டிக்... என்றது.

"இப்பவே கத்துதே மேடம்!"

"இது எப்பவும் கேக்கும். மண்ணுலயும் இருக்கு, வானத்துலருந்தும் வருது. இந்தச் சத்தத்த மட்டும் மனசுல வச்சிக்கோங்க. இப்ப உங்க சட்டைல பிடிங்க. கைல. செருப்புல. உங்க வீட்டம்மா சேலைல."

எங்கே பிடித்தாலும் அதே டிக்... டிக்... தான். பிறகு ஓட்டுநர் இருக்கைக்குக் கூட்டிப் போனாள். ஏறக்குறைய அதே சத்தம். பிறகு கயிறு வரைக்கும் நடக்கவிட்டு, தானும் கூடவே நடந்து, கண்டெய்னரின் பின்மூலையை நோக்கி மீட்டரை நீட்டச் சொன்னாள். சத்தம் பொரிகடலை வறுப்பதுபோல் அடர்ந்தது. வேலுச்சாமி பின்னால் நகர்ந்தார். சத்தமும் குறைந்தது. மனைவி நின்ற இடத்துக்கு வந்ததும் பழையபடி டிக்... டிக்...

"கேட்டீங்களா? அது அந்த மூலைலதான் இருக்கு, உங்க கூட வரல. லைட்டு முன்னாடி நின்னுட்டு வந்தா சட்டைல வெளிச்சம் ஒட்டிட்டா வருது? தூசி ஏதும் வெளிய வந்திருந்தாதான் ஒட்டும். கதவு பூட்டுன பூட்டாத்தான் இருக்கு. சுத்திலும் துணி வச்சுத் துடைச்சு, அந்தத் துணியையும் பாத்தாச்சு. ஒண்ணுமில்ல." பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "ஏளா, இன்னமும் மனசு கேக்கலன்னா சொல்லு. நாளைக்கு ஆசுபத்திரிக்கு நானும் வாரேன். டாக்டர்ட்ட நான் பேசுதேன்."

அந்தப் பெண் மீட்டரைத் தானே வாங்கித் தன் வயிற்றின் முன் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோறு போச்சே," என்றாள். யாரோ ஒருவர் தன் சாப்பாட்டைப் பிரித்தார்.

வெளிச்ச உவமை எனக்கும் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் எக்ஸ்ரே என்றால் அந்தப் பெண்ணுக்கு எது காதில் விழும் என்று எனக்குத் தோன்றவில்லை, வல்லிக்குத் தோன்றியிருக்கும். அந்தக் கணத்தில் அவளுடைய வேலை, பெயர், எதையும் நான் விரும்பவில்லை. அந்தக் காதுதான் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு இன்னொரு கருவியைக் கொண்டுவந்தாள். உள்ளே இருப்பது எந்தத் தனிமம் என்று காட்டுவது. கண்டெய்னரின் மூலைக்கு நேராக அதை ஒரு முக்காலியில் வைத்துவிட்டு விலகி நின்றோம். எண்கள் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். கோபால்ட் என்று வந்தால், உலைக் குழாய்களில் படிகிற அதே கோபால்ட். அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க உலையா இருக்குமோன்னு பயப்படறியா?"

திரையில் கோடுகள் எழுந்தன. அவள் குனிந்து பார்த்தாள்.

"ரேடியம். பழைய கப்பல்ல முள்ளு காட்டற மானியா இருக்கும்டா. இருட்டுல மின்னறதுக்குப் பூசுவாளே, அது. உங்க உலை இல்ல, மூச்சு விடு."

மூச்சு விட்டேன். உடனே, அவளுக்கு முன்னால் நான் அதைப் படித்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஓர் எண்ணம் வந்தது. இவ்வளவு பெரிய பயம் போன இடத்தில் இவ்வளவு சின்னது வந்து உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

உரிய அதிகாரிகளுக்குச் சொல்லி அனுமதி வாங்கி, அடுத்த நாள் திறந்தார்கள். பாதுகாப்பு உடை போட்டவர்கள் ஒவ்வொரு இரும்பாக வெளியே எடுத்தார்கள். மூலையில், நசுங்கிய தகடுகளுக்கு நடுவே, பித்தளை விளிம்பு போட்ட வட்ட மானிகள். முகப்பில் எண்கள் பழுப்பு மஞ்சளாகப் போயிருந்தன. நீண்ட இடுக்கியால் எடுத்து ஈயம் பூண்ட பீப்பாயில் வைத்தார்கள். உடைந்த ஒன்றின் கீழே கண்டெய்னர் தரையில் கிடந்த மண்ணைக்கூட வல்லி சுரண்டி எடுக்கச் சொன்னாள். பீப்பாயைப் பூட்டிய அறையில் வைத்துவிட்டு, அதை அதிகாரிகள் எடுத்துப் போகும்வரை சாவி தன்னிடமே இருக்கும் என்றாள்.

"எங்கே போகும்?" என்றேன்.

"இதுக்கு ஒரு இடம் இருக்கு. சின்னது, கொஞ்சம்தானே. ஒரு உலையே வந்தா?" என்று திருப்பிக் கேட்டாள். அவள் என்னிடம் கேட்க நினைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் தொடங்கியது.

அதற்கடுத்த நாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்கு வந்து எத்தனை நாளாச்சு, உங்கண்ணா ஒவ்வொரு தடவையும் கேக்கறார்," என்றாள். என் அண்ணன் அவளைக் கூப்பிடுவது எனக்குத் தெரியாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளைப் பேச வைத்தவனே அவன்தானாம். என்னை யாரும் பேசக் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில்கூட எனக்கு இரண்டாம் இடம்தான் போலிருக்கிறது.

சாத்தான்குளத்துக்குப் பேருந்தில் போனோம். ஜெர்மனியில் ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள், ரயில் வராது. இங்கே தேரிக்காட்டுப் பக்கம், சிவந்த மணல் குன்றுகளுக்கு நடுவே, பேருந்தின் முன்பக்கம் புகைவிட்டு நின்றது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "எல்லாரும் இறங்கிக்கோங்க, பின்னால ஒரு வண்டி வருது, எப்ப வருதுன்னு எனக்குத் தெரியாது," என்றார் நடத்துநர். ஓர் அம்மாள் கூடையிலிருந்து பதநீர் எடுத்து எல்லோருக்கும் ஊற்றினார். வல்லி பையிலிருந்து மீட்டரை எடுத்து மணலின் மேல் வைத்தாள். முற்றத்தில் கேட்டதைவிட டிக்டிக் சற்று நெருக்கமாக இருந்தது. மணலிலேயே இயற்கையாக உள்ளது.

"எங்கள் அளவைக் கூடத்தை விட இது கூடுதல்," என்றேன்.

"அந்தக் கூடத்தைப் பத்தித்தான் சொல்லேன். சுவரை எப்படிச் சுரண்டறீங்க? எவ்வளவு ஆழம்?"

சொன்னேன். சுரண்டி, அளந்து, மறுபடி சுரண்டி, சுத்தமாகும்வரை விடாமல் செய்வதைச் சொன்னேன். இடிபாட்டில் பெரும்பகுதி சுத்தமானதுதான் என்றும், அந்தச் சுத்தமான கான்கிரீட்டைக்கூட எந்த ஊர்க் குப்பைமேடும் ஏற்றுக்கொள்ளாமல் கொடி பிடிக்கிறார்கள் என்றும் சொன்னேன். மிச்சமுள்ள பீப்பாய்கள் நிலையத்தின் வாசலிலேயே ஒரு பெரிய கொட்டகையில் காத்திருக்கின்றன. அவற்றைக் கடைசியாகப் புதைக்கும் இடம் இன்னும் தயாராகவில்லை.

பிறகு, "உனக்குக் குடுத்துவச்சிருக்குடா," என்றாள். "ஒரு உலை பிரியறதைக் கண்ணால பாக்கறே. எனக்கு உன்மேல எவ்வளவு பொறாமை தெரியுமா? வருஷக்கணக்கா."

வல்லிக்கு, என்மேல். அதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாறாக, அவள் அதை இவ்வளவு சுலபமாக வாய்விட்டுச் சொல்கிறாளே என்றுதான் இருந்தது. அந்த எரிச்சலிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"நான் சும்மா வரல. எங்க மேலாளர் உன்னை அங்க கூப்பிடச் சொன்னாங்க. அளவைக் கூடத்துக்குத் தலைமையா."

அவள் மீட்டரை நிறுத்தினாள். யோசிப்பாள், வீட்டில் கேட்க வேண்டும் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"வரேன்," என்றாள். "ஆத்துக்காரர்கிட்டயும் பொண்ணுகிட்டயும் பேசணும். ஆனா வரேன். அங்கேயே இருந்துட மாட்டேன், அதையும் சொல்லிடு. நம்ம கரைலயும் உலை இருக்கு. கட்டினதை ஒரு நாள் பிரிச்சுத்தானே ஆகணும்? அப்போ நான் இருக்கேனோ இல்லையோ, நான் சொல்லிக்குடுத்தவா நாலு பேர் இருக்கணும். எக்ஸ்ரேன்னு சொல்லி யாரையும் அழ வைக்காதவா."

என்னைத்தான் சொன்னாள். கோபம் வரவில்லை. அவளுக்குத் திரும்பி வர ஒரு வேலை இருக்கிறது. எனக்கு விடுமுறைதான் இருக்கிறது. அந்த வாரம் முழுக்கப் பட்ட பொறாமையிலேயே அதுதான் ஆழமாக இறங்கியது.

அங்கேயே உல்ரிகாவை அழைத்தேன். ஜெர்மனியில் காலை. "பார்த்தேன். என்னைவிட இவர்தான் சரியான ஆள். பக்கத்தில்தான் இருக்கிறார், பேசுங்கள்," என்று தொலைபேசியை வல்லியிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் பேசினார்கள், சிரித்தார்கள். சட்டென்று வல்லியின் முகம் மாறியது. தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நான் வரலைன்னா இது யாருக்குன்னு கேட்டேன். உன் பேரைச் சொல்றாடா. ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்னுருவ."

"யார் சொன்னா? மாட்டவே மாட்டேன்," என்றாள். "நீ பொறாமைப்படு, பரவால்ல. நானும் பட்டேனே. ஆனா அந்தச் சுவர் சுரண்டறதை ஒண்ணு விடாம எனக்குச் சொல்லித்தரணும்."

பதநீர் ஊற்றிய அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏலே, சரின்னு சொல்லேன். பிள்ள போன வச்சிக்கிட்டு நிக்காள்லா," என்றார்.

"சரி," என்றேன்.

நான் திரும்பி வந்து வாரங்களாகின்றன. வல்லி வசந்த காலத்தில் வருகிறாள். வீடு பார்த்துவைக்கும் பொறுப்பை உல்ரிகா என்னிடம் கொடுத்துவிட்டார். நேற்று ஒன்று கிடைத்தது. என் வீட்டில் இல்லாத பால்கனி அதில் இருக்கிறது. காலை வெயில் நேராக விழுகிறது, ஆறும் தெரிகிறது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன், எனக்கு ஏன் இது அமையவில்லை என்று. பிறகு வீட்டுக்காரரிடம் பேசி முடித்துச் சாவியை வாங்கிக்கொண்டேன்.